கேமரா கேள்வி-பதில்: டூம்ஸ்டோனுக்கு 4×5 கேமராவோடு

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் கனடாவின் யூகான் பகுதியிலுள்ள டூம்ஸ்டோன் பூங்காவுக்கு 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) கேமராவும் 150 மி.மீ. லென்ஸும் எடுத்துப் போகிறேன். பழகிப் பார்த்ததில், எஃப் 45 (மிகச் சிறிய துளை) வைத்தும் கிட்டத்துச் செடியும் தூரத்துக் கரையும் ஒருசேரக் கூர்மையாக வரவில்லை. ஏன்?
(டொராண்டோ வாசகர்)

பதில்: துளையைச் சிறிதாக்கியே சரிக்கட்டப் பார்க்கிறீர்கள். எஃப் 45-ல் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே கொஞ்சம் மசமசக்கும். ஒளி விழ வேண்டிய நேரமும் நீளும், அதற்குள் செடி ஆடிவிடும். லென்ஸை முன்பக்கம் சாய்த்துப் (டில்ட்) பாருங்கள், கூர்மையாக விழும் தளமும் தரையோடு சாயும். டூம்ஸ்டோனில் மரம் குறைவு. தரையோடு படர்ந்து சிவந்த குட்டை பிர்ச் செடி, அதற்குப் பின்னால் பாறை முகடுகள். டில்ட்டுக்கென்றே அமைந்த நிலம் அது!

லென்ஸ் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 150 மி.மீ.க்குச் சாய்வு சுமார் 6 டிகிரி. இதற்கு மேல் போனால் பெரும்பாலும் கெடும். கேமராவின் பின்னாலுள்ள கிரவுண்ட் கிளாஸில் (உருவம் விழும் மங்கல் கண்ணாடி) உருவம் தலைகீழ் என்பதால் மலை கீழே, செடி மேலே தெரியும். முதலில் மலைக்கு ஃபோகஸ். லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடி) மேல்பாதிக்கு நகர்த்தி, செடியின் இலை நரம்பு துலங்கும்வரை மெல்லச் சாய்க்கவும். மலை கலங்கியிருக்கும், திரும்ப மலை, திரும்பச் செடி. இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் படிந்துவிடும். மலையில் அடிவாரத்தை விட்டுவிட்டுப் பாதி உயரத்தைப் பிடியுங்கள். பிறகு எஃப் 22, மிஞ்சினால் 32 போதும்.

அடுத்த எதிரி காற்று. பெல்லோஸ் (லென்ஸையும் கேமராவின் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) பாய்மரம்போல் காற்றை வாங்கும். டிரைபாடின் நடுக்கம்பை உயர்த்தாதீர்கள். குடையைக் காற்று வரும் பக்கம் பிடித்து, டார்க் ஸ்லைடை (ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகடு) உருவி, கேபிள் ரிலீஸில் (ஷட்டரை இயக்கும் கம்பி) விரலோடு ஓர் இலையை மட்டும் பார்த்திருங்கள். அது நின்றதும் அழுத்துங்கள். உருவும் முன் ஷட்டர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பல ஷீட்டுகள் பாழாவது இதை மறப்பதால்தான்.

கேள்வி: எத்தனை ஹோல்டர் (ஷீட்டை வைத்துக் கேமராவில் செருகும் சட்டம்) வேண்டும்?

பதில்: 6 போதும், ஒன்றுக்கு 2 வீதம் 12 ஷீட். ஒவ்வொரு ஹோல்டரும் ஏறக்குறைய 200 கிராம். பூங்காவின் உட்பகுதியில் கரடி திறக்க முடியாத உணவு டப்பாவும் கட்டாயம் என்பதால் முதுகுப்பை ஏற்கெனவே கனக்கும். இரவில் கூடாரத்துக்குள் மாற்றுப்பையில் (கைகளை மட்டும் நுழைக்கும், ஒளி புகாத பை) ஃபிலிம் மாற்றுங்கள். வெயிலில் அந்தப் பையை நம்பாதீர்கள். ஷீட்டை நெடுக்காகப் பிடிக்கும்போது அதன் வெட்டுக்குறி (இருட்டில் தடவி அறிய ஓரத்தில் உள்ள வெட்டு) மேல்வலது மூலையில் இருந்தால் ரசாயனப் பூச்சு உங்களைப் பார்த்திருக்கும்.

கேள்வி: விமான நிலைய ஸ்கேனர்?

பதில்: சரக்குப் பெட்டியில் ஃபிலிம் வைக்கவே கூடாது. கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கக் கேளுங்கள், புதிய சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் ஒரே தடவையில் ஃபிலிமில் மூட்டம் போட்டுவிடும். ஃபிலிம் டப்பாவின் மேல் ‘இருட்டில் மட்டுமே திறக்க’ என்று பெரிதாக ஒட்டுங்கள். மாற்றுப்பையையும் கூடவே வைத்திருங்கள். திறந்துதான் ஆகவேண்டும் என்றால் அதற்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கட்டும்.