ரேஸ்ல ரிட்டயர் ஆன குதிரைய வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கம் தோட்டத்துல வளக்கலாமா?
வளக்கலாம்ங்க, ஆனா 25 வயசுக்கு மேலயும் இருக்கற ஜீவன், கடைசி வரைக்கும் பாத்துக்கறதா இருந்தா மட்டும் வாங்குங்க. ரெண்டு வயசுலயே ஓட ஆரம்பிச்சு, நாள் பூரா லாயத்துலயே நின்னு ஓட்ஸ் தின்னு பழகினது அது, அதனால மொதல்ல சில மாசம் சும்மா மேய விடுங்க, தானியத்த கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு காய்ஞ்ச புல்ல கூட்டுங்க, திடீர்னு மாத்துனா வயித்து வலி வந்து உயிருக்கே ஆபத்து.

அப்புறம் கடிவாளம். நிக்கட்டும்னு இறுக்கிப் பிடிச்சா ரேஸ் குதிரை அதுமேல சாஞ்சு இன்னும் வேகமாதான் போகும், பிடிச்ச உடனே லூஸ் விடணும், அப்ப ஒரு காது மெல்ல உங்க பக்கம் திரும்பும், கவனிக்குதுன்னு அர்த்தம், அந்த எடத்துல கழுத்த தடவிக் குடுங்க.

நம்ம வேலூர் கத்திரி வெயில் 40 டிகிரி தாண்டும், நெழலும் உப்புக்கட்டியும் கட்டாயம், பயிற்சிய காலைல 7 மணிக்குள்ள முடிச்சுடுங்க.