ஒரு லிட்டர் எண்ணெய் எவ்வளவு எடை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ச் செக்கில் 1 லிட்டர் நல்லெண்ணெய் வாங்கி, பாத்திரத்தின் எடையைக் கழித்து வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 915 கிராம்தான் இருந்தது. செக்குக்காரர் அளவில் குறைத்துவிட்டாரோ, கலப்படமோ என்று எனக்குச் சந்தேகம். பதினோராம் வகுப்பில் வேதியியல் படிக்கும் என் மகளோ, "அது அடர்த்தி அப்பா" என்கிறாள். ஆனால் அலகுகள் பாடம் அவளுக்கே வெறும் மனப்பாடமாகத்தான் இருக்கிறது.

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் மகள் சொன்னதே சரி. செக்குக்காரர் அளவில் குறைக்கவில்லை. லிட்டர் என்பது கன அளவு, கிராம் என்பது நிறை. 1 லிட்டர் ஏறத்தாழ 1 கிலோவாக இருப்பது தண்ணீருக்குத்தான். நல்லெண்ணெயின் அடர்த்தி நம் ஊர் வெப்பநிலையில் மில்லிலிட்டருக்குச் சுமார் 0.915 கிராம். 1 கிலோ என்று கேட்டு வாங்கியிருந்தால் லிட்டர் பாட்டிலில் அடங்காமல் 90 மில்லி அளவுக்கு மிஞ்சியிருக்கும்.

மகளின் மனப்பாடத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மீட்டர், கிலோகிராம் போன்ற ஏழு அடிப்படை அலகுகளையும் முதல் வாரத்திலேயே ஒப்பிக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. நிறையும் கன அளவும் தனித்தனியே நின்றால் ஒரு பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை; ஒரு கரண்டி எண்ணெய்க்கும் ஒரு டின் எண்ணெய்க்கும் அவை வேறு வேறு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைக்கும் அடர்த்தி மட்டும், வெப்பநிலை மாறாதவரை, கரண்டியிலும் டின்னிலும் ஒன்றே.

1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியின் உப்பளங்களில் அடர்த்தி என்ற இந்த ஓர் அளவை நம்பித்தான் வேலை நடக்கிறது. பாத்தி நீரில், அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழாயான திரவமானியை மிதக்கவிடுவார்கள். நீர் அடர்த்தியாக ஆக, அது மேலெழுந்து நிற்கும். அதில் குறித்திருப்பது போமே அளவை; அதன் டிகிரி வெப்பத்தை அல்ல, அடர்த்தியைக் குறிக்கும். கடல்நீர் அந்த அளவையில் 3 டிகிரியை ஒட்டியிருக்கும். வெயிலில் வற்றி வரும்போது ஜிப்சம் முன்னதாகவே பிரிந்துவிட, சுமார் 25 டிகிரியில், அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.21 கிராம் என்ற அடர்த்தியில், சோற்றுப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியை நெருங்கியதும், மெக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பைக் கசப்பாக்கிவிடும் என்பதால், எஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். உப்பு எப்போது விளையும், எப்போது கெடும் என்பதை நாவில் வைத்துப் பாராமலே சொல்லிவிடுகிறது அந்தக் கண்ணாடிக் குழாய்.

கலப்படச் சந்தேகத்துக்கு மட்டும் தராசு உதவாது. கடலை எண்ணெய், பாமாயில் எல்லாமே 0.91 கிராமை ஒட்டியே நிற்பவை. கலந்தாலும் எடையில் தெரியாது. அங்கே வேறு பண்புகள் வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறைவதால், மார்கழிக் காலையில் அது கட்டியாக நிற்க, பக்கத்து நல்லெண்ணெய் திரவமாகவே இருக்கும். இந்த உறைநிலை வேறுபாட்டை வீட்டிலேயே காணலாம். நல்லெண்ணெயில் கலந்ததைக் கண்டறிய எண்ணெய்க்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண்ணும், எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்று காட்டும் வேதிப்பண்பான அயோடின் எண்ணும் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் எண்ணெயை உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்து, அவ்விரண்டையும் கேட்டு வாங்குங்கள்.