பாலிசி முடிந்த காரும் 90 நாள் கணக்கும்

கேள்வி: கார் இன்ஷூரன்ஸ் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. 90 நாள் அவகாசம் உண்டு என்கிறார் நண்பர். அதுவரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். அந்த 90 நாள், நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பறிபோகாமல் இருப்பதற்கான கெடு மட்டுமே. ஆயுள் காப்பீட்டில் இருப்பதுபோல் சலுகைக் காலம் மோட்டார் பாலிசிக்குக் கிடையாது. கடைசித் தேதி தாண்டியதும் காருக்குக் காப்பீடு இல்லை, அவ்வளவுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவுப்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி சிக்கினால் 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. காரை இன்னொருவரிடம் ஓட்டக் கொடுத்தாலும் உரிமையாளர் தப்ப முடியாது.

அபராதத்தையாவது கட்டிவிடலாம். விபத்து இழப்பீடு அப்படியல்ல. மாதம் 25,000 ரூபாய் சுயதொழிலில் சம்பாதிக்கும் 28 வயதுக்காரர் உங்கள் கார் மோதி இறக்கிறார், மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 4.20 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2.80 லட்சம். இழப்பீட்டுக் கணக்கில் அந்த வயதுக்கான பெருக்கெண் 17. அதால் பெருக்கினால் 47.60 லட்சம். இறுதிச் சடங்கு போன்றவற்றுக்கான தொகையும் வட்டியும் தனி. பாலிசி இருந்தால் இதை நிறுவனம் கட்டும். இல்லையென்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உங்கள் சொத்தைத்தான் பார்க்கும். பிடித்து வைத்த காரும் ஈடு கட்டாமல் வெளியே வராது.

காரை எடுக்காமல் இருந்த இடத்திலேயே ஆன்லைனில் புதுப்பியுங்கள். முழுக் காப்பீடு என்றால் பரிசோதனை உண்டு. நிறுவனம் அனுப்பும் லிங்கில் காரின் நாலு பக்கமும், முன் கண்ணாடி, ஓடோமீட்டர், சேஸிஸ் எண் எல்லாம் தெரிய வீடியோ எடுக்கச் சொல்வார்கள். முதலில் காரைக் கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்; அழுக்கும் நிழலும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே இருக்கும் நெளிவைக் குறித்துக்கொள்வார்கள், அந்த நெளிவுக்காகப் பின்னால் க்ளெய்ம் கேட்க முடியாது. பணம் கட்டியதும் பாலிசியில் தொடங்கும் தேதியோடு நேரத்தையும் பாருங்கள். அந்த நேரம் வந்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

90 நாளைத் தாண்டவிட்டால் 50 சதவீத போனஸ் வாங்கிக்கொண்டிருந்தவரும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுவார். மறுபடி அதை எட்ட, க்ளெய்ம் இல்லாத ஐந்து ஆண்டுகள் வேண்டும். போனஸ் இருப்பதாகப் பொய் சொல்லிப் புதுப்பிக்கவும் வேண்டாம். பழைய நிறுவனத்திடம் விசாரிப்பார்கள், க்ளெய்ம் நேரத்தில் இடிக்கும்.

கேள்வி: புதுக் கார் வாங்கி ஓராண்டு ஆகிறது. இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டதாக மெசேஜ் வந்திருக்கிறது. நானும் ஓட்டக்கூடாதா?

பதில்: பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும், பாருங்கள். புதுக் காருக்கு தேர்ட் பார்ட்டி (உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே போடுவார்கள். சொந்த சேதத்துக்கானது பெரும்பாலும் ஓராண்டுதான். முடிந்தது அது மட்டும் என்றால் ஓட்டுவது குற்றமில்லை. ஆனால் திருட்டு, வெள்ளம், மோதல் எதுவானாலும் செலவு உங்களுடையது. கடனில் வாங்கிய காராக இருந்தால், கார் போனாலும் மாதத் தவணை நிற்காது.