லைட்டைப் போட்டா திசைகாட்டி ஏன் ஓடுது?

குருநகர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வள்ளத்துக்கு எலக்ட்ரோனிக் திசைகாட்டி ஒண்டு சொந்தமா சேர்கிட் போர்ட் அடிச்சு செய்தவராம், மேசையில வச்சுப் பார்க்க சரியா காட்டுதாம், வள்ளத்தில எல்ஈடி லைட்டைப் போட்ட உடன திசை ஓடுதாம், வள்ளம் திரும்பத் திரும்ப பிழையும் கூடிக் குறையுதாம், மூண்டு தரம் கலிப்ரேஷன் (பிழையை அளந்து கழிக்கிற வேலை) செய்தும் சரிவரேல்ல, காந்தப்புலத்தை அளக்கிற சென்சரை எங்க எப்பிடி வைக்கிறது எண்டு கேட்டு படமும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, கலிப்ரேஷனில பிழை இல்லை. லைட்டுக்குக் கரண்ட் போற ட்ரேஸ் (போர்ட்டில இருக்கிற செம்புக் கோடு), போர்ட்டின்ர கீழ்ப்பக்கத்தில சென்சருக்கு நேர் அடியால ஓடுது. கணக்கைப் பாருங்கோ, 1 அம்பியர் போற நேர்க் கம்பிக்கு 1 சென்ரிமீற்றர் தள்ளி 20 மைக்ரோ டெஸ்லா காந்தப்புலம் இருக்கும், தூரம் பாதியானா அது ரெண்டு மடங்கு. உங்கட போர்ட் தடிப்பு 1.6 மில்லிமீற்றர், லைட் இழுக்கிறது 0.3 அம்பியர் எண்டு சொல்லுறியள், அப்ப கிட்டத்தட்ட 37 மைக்ரோ டெஸ்லா. யாழ்ப்பாணத்தில பூமியின்ர புலமே 40 மட்டிலதான், காந்த மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால அது அநேகமா படுக்கையாத்தான் கிடக்கு. ரெண்டும் குறுக்கா சந்திச்சா 40 டிகிரிக்கு மேல பிழை, ஒரே திசையில விழுந்தா பிழையே தெரியாது, அதாலதான் வள்ளம் திரும்பேக்க மாறுது.

இதில கனபேர் கவனிக்காத விஷயம் ஒண்டு இருக்கு. ட்ரேஸ் சென்சருக்கு அடியால போனா புலம் படுக்கையா வரும், திசையை நேராக் கெடுக்கும். அதே ட்ரேஸ் பக்கத்தால, அதே மட்டத்தில போனா புலம் மேல்-கீழா வரும், போர்ட் மட்டமா இருக்குமட்டும் பெரிசாத் தெரியாது, ஆனா வள்ளம் அலையில சரிஞ்சா சரிவுத் திருத்தம் (சரிஞ்ச அளவைக் கணக்கில எடுத்து திசையைத் திருத்திறது) செய்யேக்க அந்தப் பிழையும் உள்ள வந்திடும். அதால சென்சரை போர்ட்டின்ர ஒரு மூலைக்குத் தள்ளுங்கோ, அடியில எந்த பவர் ட்ரேஸும் வேண்டாம், போற கம்பியையும் வாற கம்பியையும் ஒட்டி ஓட விடுங்கோ, ஒண்டை ஒண்டு வெட்டிப்போடும். வெளி வயரை முறுக்கி விட்டாலும் நல்லம்.

செம்பு, ஈயம் பிரச்சினை இல்லை. இரும்பு ஸ்குரூ, 18650 பற்றரியின்ர உருக்குக் கூடு, ஸ்பீக்கர், பஸர், சோக் கொயில் இதுகள்தான் திசையைக் கெடுக்கிற ஆக்கள். ஸ்குரூவை பித்தளை இல்லாட்டி நைலோனுக்கு மாத்துங்கோ. அசையாம இருக்கிற இரும்பை கலிப்ரேஷன் கழிச்சிடும், ஆனா போட்டு நிப்பாட்டுற கரண்டை அதால பிடிக்கேலாது. சாமான்களைச் சோதிக்க நூலில சின்னக் காந்தம் கட்டி ஒவ்வொண்டுக்கும் கிட்டக் கொண்டுபோங்கோ, இழுத்தா விலத்துங்கோ, சென்சருக்குக் கிட்ட மட்டும் அந்தக் காந்தம் வேண்டாம்.

சென்சரின்ர எக்ஸ், வை, இசட் அச்சுகள் எந்தப் பக்கம் எண்டும் ஊகிக்காதேங்கோ, சிப் செய்தவையின்ர டேற்றா ஷீட்டில இருக்கிற படத்தைப் பாருங்கோ. திசைகாட்டியும் ஆக்சிலரோமீற்றரும் (சரிவை அளக்கிற சென்சர்) ஒண்டா இருக்கிற எம்பியூ 9250 சிப்பில திசைகாட்டியின்ர எக்ஸ், ஆக்சிலரோமீற்றரின்ர வை, வை அங்க எக்ஸ், இசட் தலைகீழ், ஒரே கூட்டுக்குள்ளயே அப்பிடி. சிப்பை போர்ட்டின்ர அடிப்பக்கத்தில ஒட்டினா இசட் மட்டுமில்லை, கூட இன்னொரு அச்சும் பிளஸ்-மைனஸ் அடையாளம் மாறும், இசட்டை மட்டும் மாத்தி எழுதினா மூண்டு அச்சின்ர ஒழுங்கு வலக்கை முறையில இருந்து இடக்கை முறையா, கண்ணாடியில தெரியிற மாதிரி, மாறிப் போயிடும்.

புது போர்ட் வந்த உடன கலிப்ரேஷனுக்கு முதல், அசையாம வச்சு லைட்டைப் போட்டுப் போட்டு நிப்பாட்டி மூண்டு அச்சின்ர எண்ணையும் பாருங்கோ. 1 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல ஆடினா இன்னும் தள்ளி வையுங்கோ.