அணுக்கருக்களை இணைத்துச் சக்தி எடுக்கும் இணைவு உலையில் இலிதியம் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கணினியில் கணிக்கிறார்களாமே, எரித்துப் பார்க்காமல் அதை எப்படி நம்புவது?

எரித்தும் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் ஏ.எல் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன், உலைக்குக் கிட்டப் போனதில்லை. வகுப்பில் ஒருவன் இதையே கேட்டதால் தேடி வாசித்தேன்.

இணைவுக்கு வேண்டிய திரிதியம் (ஐதரசனின் பாரமான வகை ஒன்று) இயற்கையில் கிடைப்பது அரிது, அரை ஆயுளும் 12.3 ஆண்டுதான். ஆகவே இலிதியத்தில் நியூத்திரனை மோதவிட்டு உலையிலேயே அதை உண்டாக்கப் பார்க்கிறார்கள். சில வடிவமைப்புகளில் உருகிய இலிதியமே குழாய்களில் ஓடும். குழாய் உடைந்து நிலத்தில் கொட்டினால்? ஒரு கிலோ இலிதியம் ஒட்சிசனில் எரிய ஏறக்குறைய 43 மெகாயூல் வெப்பம், நிறைக்கு நிறை மண்ணெண்ணெய் மாதிரித்தான்.

ஆனால் அந்த வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதுதான் விசயம். பொச்சுமட்டை கொளுத்தியவர்களுக்குத் தெரியும்: குவித்து வைத்தால் புகைந்துகொண்டே கிடக்கும், ஓலை விசிறியால் நாலு தரம் விசிறினால் பிடித்துக்கொள்ளும். இங்கேயும் காற்று எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவுதான் எரியும். கணினி அந்த அறையை இலிதியக் குட்டை, சுவாலை, மேலே உள்ள வாயு, சுவர் என்று பிரித்து, எதிலிருந்து எதற்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று சிறுசிறு நேர இடைவெளியில் கூட்டிக்கொண்டே போகும்.

தலையிடி நைதரசனால். காற்றில் 78 வீதம் அதுதான், பெரும்பாலான நெருப்பில் சும்மா நிற்கும், இலிதியத்தோடு தானும் சேர்ந்து நைத்திரைட்டு ஆகிவிடும் (வெப்பம் ஒட்சிசனோடு எரிவதில் ஐந்திலொரு பங்களவு). சோடியத்துக்கு இந்தக் குணம் இல்லை, அதனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் சோடியத் தீக்கு இருந்த கணினி நிரலை வைத்து லிட்ஃபயர் என்ற நிரலை ஆக்கியபோது இதைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

பிறகு அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு ஆய்வு வளாகத்தில் உருகிய இலிதியத்தை உண்மையாகவே எரித்து, அளந்த வெப்பநிலைகளோடு நிரலின் கணக்கை ஒப்பிட்டார்கள். சோதனை அளவில் சரிவந்தது பெரிய உலைக் கட்டடத்திலும் அப்படியே வருமா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். இலிதியம் கொங்கிறீட்டில் பட்டால் அதிலுள்ள நீரோடு தாக்கி ஐதரசன் வரும், அதற்கு உருக்குத் தகடு போட்டு மூடவேண்டும்; ஈயத்தோடு கலந்த இலிதியம் இவ்வளவு மூர்க்கம் இல்லை, எனக்கென்றால் அதுதான் பிடிக்கும்.

"சேர், மண் போட்டால் நூராதோ?" என்று அந்தப் பொடியன் விடவில்லை. நூராது. மணலில் உள்ள சிலிக்காவோடும் தாக்கும், காபனீரொட்சைட்டிலும் எரியும், தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். காரீயத் தூள் (ஈயம் இல்லை, பென்சிலில் இருக்கிற காபன்) போடலாம், அல்லது அறையை ஆகன் வாயுவால் நிரப்பலாம்.