வெள்ளவத்தையா, தெஹிவளையா? முதலில் அந்த அடகுத் துண்டைப் பார்ப்போம்

கேள்வி: ஐயா, எனக்கு 28 வயது, இவருக்கு 31. கல்யாணம் முடிந்து மூன்று வருடம், பிள்ளைகள் இன்னும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து தை மாதம் கொழும்புக்கு மாறுகிறோம். இவருக்கு வேலை கொள்ளுப்பிட்டியில், எனக்கு நாரஹேன்பிட்டியில். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 2 இலட்சத்து 45 ஆயிரம் ரூபா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இரண்டு அறை பிளாட் பார்த்தோம், வாடகை 1 இலட்சத்து 20 ஆயிரம், ஒரு வருட வாடகையை முதலிலேயே கேட்கிறார்கள். தெஹிவளையில் ஒரு அறையுடன் மேல்மாடி அனெக்ஸ் 65 ஆயிரம், மூன்று மாத முற்பணம். மாமி, "வெள்ளவத்தை எண்டால்தான் வாற போற சனத்துக்கு வசதி" என்கிறா. கனடாச் சித்தப்பா, வாடகை வீண் காசு, புதிதாகக் கட்டும் அப்பார்ட்மென்ட்டுக்கு இப்போதே பதியுங்கள் என்கிறார். 6 இலட்சத்து 40 ஆயிரம் நிலையான வைப்பில் உண்டு. என் 12 பவுன் நகை வங்கியில் இருக்கிறது, மிச்சக் காசை அதில் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். எங்கே இருப்பது நல்லது?

பதில்: கடிதத்தில் எனக்கு இடறியது வெள்ளவத்தையும் இல்லை, தெஹிவளையும் இல்லை. "நகை வங்கியில் இருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதுதான். லொக்கரிலா, அடகிலா என்று கேட்டு எழுதினேன். மறுநாள் அடகுத் துண்டின் படம் வந்தது, மூன்றாக மடித்து மடித்துக் கிழியும் பதத்தில் இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையும் வந்தது.

2023இல் இவரின் தம்பி லண்டனுக்குப் படிக்கப் போக 6 இலட்சத்துக்கு வைத்தீர்கள். ஒரு வருடம் முடிந்தபோது பவுன் விலை ஏறியிருந்தது, அதே நகைக்கு 9 இலட்சம் தரலாம் என்று வங்கியில் சொன்னார்கள், மாமி வீட்டுக் கூரை வேலையும் அந்த நேரம் பார்த்து வந்தது, எடுத்தீர்கள். 2025இல் திரும்பவும் ஏறியது, 12 இலட்சமாக்கி மச்சாளின் கல்யாணத்துக்குக் கொடுத்தீர்கள். இப்போது அதே நகைக்கு 20 இலட்சம் வரை தருவார்களாம், அதில்தான் வெள்ளவத்தைக்குக் குடி போகத் திட்டம்.

வட்டி வருடத்துக்கு 14 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023இல் நாடு இருந்த நிலைக்கு அதைவிடக் கூடவாகத்தான் இருந்திருக்கும், கணக்குக்காக எல்லா வருடமும் 14 என்றே வைப்போம். முதல் வருட வட்டி 84 ஆயிரம். அதைச் சம்பளத்தில் கட்டவில்லை, புதிதாக எடுத்த 3 இலட்சத்தில் கழித்தீர்கள். ஆக அந்தத் தடவை கையில் வந்தது 2 இலட்சத்து 16 ஆயிரம்தான். அடுத்த வருட வட்டி 1 இலட்சத்து 26 ஆயிரம், அதையும் அப்படியே கழித்தால் கையில் 1 இலட்சத்து 74 ஆயிரம். மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள்: உங்கள் கையில் வந்தது 9 இலட்சத்து 90 ஆயிரம், கட்ட வேண்டியது 12 இலட்சம், அதற்கு மேல் இந்த வருட வட்டி 1 இலட்சத்து 68 ஆயிரம். இதில் உங்களுக்கென்று ஒரு சதம்கூடச் செலவழிக்கவில்லை, கல்யாணத்துக்குப் பிறகு அந்த அட்டியலை ஒரு கோயில் திருவிழாவுக்குக்கூடப் போடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பவுன் விலை ஏறுவதை எங்கள் ஆட்கள் லாபம் வந்த மாதிரி நினைக்கிறார்கள். அடகில் இருக்கிற நகைக்கு விலை ஏறினால் உங்களுக்கு ஏறுவது கடன் எடுக்கிற வசதி மட்டும்தான். வங்கிக்கு அதில் பயமே இல்லை, நகை அவர்களின் பெட்டியில் இருக்கிறது. கடன் பெருக்கப் பெருக்க மீட்கிற நாள் தள்ளிப் போகிறது, என்றாவது விலை சரிந்தால் புதுப்பிக்கப் போகிற அன்றைக்கு வித்தியாசத்தைக் காசாகக் கட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் ஏலம்.

சரி, இப்போது வெள்ளவத்தை பிளாட்டை எடுக்கிறீர்கள் என்று வைப்போம். ஒரு வருட வாடகை 14 இலட்சத்து 40 ஆயிரம். வைப்பை உடைத்து 6 இலட்சத்து 40, நகையில் இன்னும் 8 இலட்சம். அடகு 20 இலட்சமாகும், வட்டி மட்டும் மாதம் 23 ஆயிரத்துச் சொச்சம். இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. வாடகை முதலிலேயே கட்டியாகிவிட்டதால் பன்னிரண்டு மாதமும் சம்பளம் முழுசாகக் கையில் நிற்கும், பரவாயில்லையே என்று தோன்றும், ஊரில் இருந்து இரண்டு பேர் கைநீட்டுவார்கள், நீங்களும் கொடுப்பீர்கள். பதின்மூன்றாம் மாதம் வீட்டுக்காரர் அடுத்த 14 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கேட்பார், அதுவும் அதே வாடகையில் விட்டால். மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரம் ஒதுக்கி வைப்போம் என்று சொல்லாதீர்கள், மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட வட்டியைச் சம்பளத்தில் கட்டாத ஆட்கள் நீங்கள்.

உண்மையாகவே ஒதுக்கினாலும் பொருந்தவில்லை. வாடகை 120, பிளாட் பராமரிப்புக் காசு ஒரு 8, வட்டி 23, ஊருக்கு அனுப்புவது 30, சாப்பாடு 60, பஸ், கரண்ட், தண்ணீர், போன் எல்லாம் 20. எல்லாம் ஆயிரத்தில். கூட்டினால் 261, வருமானம் 245. மாதம் 16 ஆயிரம் துண்டு விழுகிறது, கடற்கரைப் பக்க வீட்டில் உப்புக் காற்றுக்குப் பிரிட்ஜும் மின்விசிறியும் துருப்பிடிப்பது வேறு.

தெஹிவளையில் வாடகை 65, வட்டி 14, ஊருக்கு 30, சாப்பாடு 60, போக்குவரத்துக் கொஞ்சம் கூட என்று மற்றவை 25. மொத்தம் 194, மிச்சம் 51. தூரம் என்று பயப்பட ஒன்றும் இல்லை. இவருக்குத் தெஹிவளையில் ரயில் ஏறினால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, அடுத்தது கொள்ளுப்பிட்டி, சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் சொற்பம். உங்களுக்குத்தான் கொஞ்சம் அலைச்சல், காலி வீதியில் ஒரு பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து 141ஆம் இலக்க பஸ்ஸுக்கு மாற வேண்டும். மழைக்கு ஓட்டோ பிடிக்கிற காசையும் அந்த 25க்குள் போட்டுவிட்டேன்.

வைப்பில் இருக்கிற காசையும் அப்படியே விட வேண்டாம். 8 வீதம் வருகிறது என்கிறீர்கள், வங்கி 10 வீத வரியைப் பிடித்த பிறகு அது 7.2. ஒரு பக்கம் 7.2 வாங்கிக்கொண்டு மறுபக்கம் 14 கட்டுவதற்குச் சேமிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. முற்பணம் 1 இலட்சத்து 95 ஆயிரம் போக, கையில் ஒன்றரை இலட்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, மிச்சம் கிட்டத்தட்ட 3 இலட்சத்தை அடகில் கட்டுங்கள். கட்டும்போது மீதி 9 இலட்சத்தையும் ஒரே துண்டில் விடாமல் காப்புக்கு ஒன்று, சங்கிலிக்கு ஒன்று, அட்டியலுக்கு ஒன்று என்று தனித்தனித் துண்டாகப் போடச் சொல்லுங்கள். மொத்தமாக இருந்தால் கடைசி ரூபா வரை எல்லாம் உள்ளேயே கிடக்கும், பிரித்து வைத்தால் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். மாதா மாதம் அந்த 51 ஆயிரத்தையும், குறைகிற வட்டியையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றரை வருடத்துக்குள் 12 பவுனும் கையில். வந்தவுடன் நேராக லொக்கர், "இன்னும் எவ்வளவு எடுக்கலாம்" என்று யாரும் கேட்கக்கூட இடம் வைக்காதீர்கள்.

மாமியின் யோசனையை நான் ஒதுக்கவில்லை. பாஸ்போர்ட், விசா, விமான நிலையம் என்று ஊர்ச்சனம் கொழும்புக்கு வரும், வெள்ளவத்தையில் தெரிந்த வீடு இருந்தால் கோயிலும் சாப்பாட்டுக் கடையும் நடை தூரம். ஆனால் அந்த இரண்டாவது அறைக்காக நீங்கள் மாதம் 55 ஆயிரம் கூடக் கட்டப் போகிறீர்கள். லொட்ஜில் ஒரு நாள் 7 ஆயிரம் என்று வைத்தாலும், மாதத்தில் ஏழெட்டு இரவுக்கு வருகிறவர்களுக்கு நீங்களே அறை எடுத்துக் கொடுக்கலாம். அவ்வளவு பேரா வருவார்கள்? பிள்ளை பிறந்து, முதலாம் வகுப்புக்கு இந்து மகளிர், சைவ மங்கையர் என்று பேச்சு வருகிற காலத்தில் வெள்ளவத்தையை யோசியுங்கள், அப்போது அதில் நியாயம் இருக்கும்.

சித்தப்பாவின் அப்பார்ட்மென்ட்டா? கட்டி முடியாத வீட்டுக்குத் தவணை, இருக்கிற வீட்டுக்கு வாடகை, இரண்டும் ஒரே சம்பளத்தில். 2022இல் சாமான் விலை ஏறிப் பாதியில் நின்ற கட்டடங்கள் கொழும்பில் இருக்கின்றன. விளம்பரத்தில் நீச்சல் குளம் வடிவாகத்தான் இருக்கும். சித்தப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை என்றால் தன் பெயரில் வாங்கட்டும், நீங்கள் வாடகைக்கு இருந்து கொடுங்கள்.

இனி யாராவது கேட்டால் சம்பளத்தில் உள்ளதைக் கொடுங்கள், அது ஐயாயிரமாக இருந்தாலும் சரி. நகையைக் காட்டி ஒரு ரூபாவும் வேண்டாம். இதை மாமிக்கு நீங்கள் சொல்லப் போகாதீர்கள், மகன் சொல்லட்டும். லண்டன் தம்பிக்கு வேலை கிடைத்திருந்தால் அந்த 6 இலட்சத்தைத் தவணையாகக் கேட்பதும் இவருடைய வேலைதான்.

கடைசியாக அனெக்ஸ். தனி மீற்றரா, வீட்டுக்காரரோடு பங்கா என்று கேளுங்கள், பங்கென்றால் அலகு கூடி இருவரும் சேர்ந்து மேல் கட்டணத்துக்குள் போவீர்கள். முற்பணம் வாடகையில் கழியுமா, போகும்போது திரும்புமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். மேல்மாடி என்கிறீர்கள், காலையில் போய்ப் பார்த்துவிட்டு நல்ல காற்று என்று வராமல் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை போங்கள். கூரை தகரமோ அஸ்பெஸ்டஸோ என்றால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், வாடகையில் மூவாயிரம் குறைக்கக் கேட்பதற்கும் அதுதான் நல்ல நேரம்.