சிட் மீட்: கார் வடிவமைப்பிலிருந்து ஓவியத்துக்கு (கேள்வி பதில்)

கேள்வி: சிட் மீட் உண்மையிலேயே கார் வடிவமைப்பாளராக இருந்தவரா, அல்லது திரைப்படங்களுக்கு வரைந்தவர் மட்டும்தானா?

பதில்: முறையாகப் பயின்ற கார் வடிவமைப்பாளர்தான். 1933-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்த அவர், ராணுவப் பணிக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆர்ட் சென்டர் கல்லூரியில் படித்து 1959-இல் பட்டம் பெற்றார். உடனே ஃபோர்டு நிறுவனம், எதிர்காலக் கார்களைக் கற்பனை செய்வதற்கென்றே வைத்திருந்த வடிவமைப்புக் கூடத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. கைரோஸ்கோப் எனப்படும், சமநிலை காக்கும் சுழல் சக்கரத்தின் துணையோடு இரண்டு சக்கரங்களில் ஓடுவதாகக் கருதப்பட்ட 'கைரான்' என்னும் 1961-ஆம் ஆண்டுக் காட்சி மாதிரியில் அவருக்குப் பங்கு உண்டு.

கேள்வி: அந்த வேலையில் ஏன் அவர் நீடிக்கவில்லை?

பதில்: ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் விலகினார். எஃகின் எதிர்காலப் பயன்களைக் காட்டும் ஓவிய நூல்களை யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்துக்காக வரையும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தொழிற்சாலையில் செய்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், காரை மட்டுமன்றி அது வந்து நிற்கும் மாளிகை, இறங்கும் மனிதர்கள், அவர்கள் மேல் விழும் வெளிச்சம் என ஒரு முழு உலகத்தையே அவரால் வரைய முடிந்தது. அவர் ஓவியரானது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. 1970-இல் சொந்த நிறுவனம் தொடங்கியது அதன் தொடர்ச்சியே.

கேள்வி: எதிர்கால நகரத்தில் நடக்கும் 'பிளேட் ரன்னர்' என்னும் ஹாலிவுட் படத்தில் வண்டிகளை மட்டும்தான் வடிவமைத்தாரா?

பதில்: அழைக்கப்பட்டது வண்டிகளுக்காகத்தான். ஆனால் அவர் எந்த வண்டியையும் வெற்றுத்தாளில் தனித்து நிற்க விடுவதில்லை; மழையில் நனைந்த தெரு, நெருக்கமான கட்டடங்கள், விளக்குகள் ஆகியவற்றோடு சேர்த்தே தீட்டுவார். அந்தப் பின்புலங்களைக் கண்ட இயக்குநர் ரிட்லி ஸ்காட், நகரத்தின் தெருக்காட்சிகளையும் அவரிடமே ஒப்படைத்தார். 1982-இல் வெளிவந்த அப்படத்தின் நகரத் தோற்றம், ஒரு கார் வடிவமைப்பாளரின் வரைபலகையில் இப்படித்தான் உருப்பெற்றது. அதே ஆண்டில் வந்த 'டிரான்' படத்தின் ஒளி மோட்டார் சைக்கிளும் அவருடையதே.

கேள்வி: இவற்றைக் கலை என்று சொல்லலாமா? தொழில்நுட்பப் படங்கள்தானே?

பதில்: தயக்கமின்றிக் கலை என்பேன். வளைந்த உலோகப் பரப்பில் வானம் எந்த இடத்தில் பிரதிபலிக்கும், தரையின் நிறம் எந்த விளிம்பில் ஏறும் என்பது கார் வடிவமைப்பாளரின் அடிப்படைப் பயிற்சி. அந்த அறிவைக் கொண்டே, குவாஷ் எனப்படும் அடர்த்தியான நீர்வண்ணத்தில், இல்லாத பொருள்களைக் கண்முன் இருப்பவையாக நம்ப வைத்தார். 2019 டிசம்பரில் மறையும்வரை இந்தத் துறையில் அவருக்கு நிகராக நான் கருதும் ஓவியர் வேறொருவர் இல்லை.

கேள்வி: நான் வடிவமைப்பு மாணவி. அவரிடமிருந்து எதை முதலில் கற்க வேண்டும்?

பதில்: பளபளப்பைப் பின்பற்றாதீர்கள். பெரிய ஓவியத்தைத் தொடங்குமுன் அவர் சிறிய முன்வரைவுகளில் ஒளியையும் நிழலையும் தீர்மானித்துக்கொண்டார். நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். வண்டியை வரையுமுன் அதில் ஏறப்போகிறவர் யார், எங்கே போகிறார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.